பழைய கார்க் கண்காட்சிப் புகைப்படக் கலை: பிரதிபலிப்பு, பார்வைக்கோணம், ஆவணமதிப்பு

1. ஆய்வுப் பொருளும் கருதுகோளும்

பழைய கார்க் கண்காட்சிகளில் படம் எடுப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறைகள் இரண்டு. கூட்டம் காரை மறைக்கிறது என்பது ஒன்று. காரின் மேல் வானமும் மரமும் பக்கத்துக் காரும் தெரிந்து படத்தைக் கெடுக்கின்றன என்பது மற்றொன்று. முதற்குறை பொறுமையாலும் அதிகாலை வருகையாலும் பெருமளவு தீரும். இரண்டாவதுதான் ஆராயத்தக்கது. அதைக் குறையென்று கொள்வதே தவறு என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

மெருகிட்ட காரின் உடல் தன்னை நேராகக் காட்டுவதைவிடச் சுற்றுப்புறத்தைத்தான் அதிகம் காட்டுகிறது. அதன் வளைவுகள் நமக்குப் புலனாவதும், அதில் விழும் பிம்பம் எங்கே நீள்கிறது, எங்கே குறுகுகிறது, எங்கே முறிகிறது என்பதை வைத்துத்தான். எனவே பிரதிபலிப்பை அறவே நீக்கினால் வடிவமும் உடன் போய்விடும். எதைப் பிரதிபலிக்க விடுவது என்று தேர்வதே கண்காட்சிப் புகைப்படக்காரரின் முதல் வேலை. காரை நகர்த்தவோ விளக்கு நிறுத்தவோ முடியாத இடத்தில் அந்தத் தேர்வுக்கு மூன்று வழிகளே உண்டு: நிற்கும் இடம், கேமராவின் உயரம், வரும் நேரம்.

இதோடு இணைந்த துணைக் கருதுகோள் ஒன்றும் உண்டு. கண்காட்சிப் படம் அழகுப்பொருளாக மட்டும் நிற்பதில்லை; பின்னாளில் அந்தக் காரைச் செப்பனிடுவோருக்கும் வரலாறு எழுதுவோருக்கும் அது சான்றாகிறது. மேற்பரப்பைச் சரியாகக் காட்டும் படம் இவ்விரண்டு பயனையும் ஒருசேரத் தரும்.

1.1 வகைப்பாடு

'பழைய கார்' என்பதன் எல்லை அமைப்புக்கு அமைப்பு வேறுபடுகிறது. 1966-இல் தொடங்கிய பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா, குறைந்தது 30 ஆண்டுப் பழமையையும், வரலாற்றுக்கு ஒத்த பராமரிப்பையும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாமையையும் கேட்கிறது. பிரிட்டனின் விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் கணக்கில் விண்டேஜ் என்பது 1919 முதல் 1930 வரையான கார்கள். அமெரிக்கக் கிளாசிக் கார் கிளப், 1915 முதல் 1948 வரை உருவான உயர்தரக் கார்களுக்கே இடம் தருகிறது. இந்தியாவில் 2021-இல் வந்த விதித்திருத்தம், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்கு 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட தனி எண்வரிசையை வகுத்தது.

புகைப்படக்காரர் இந்த ஆண்டுக்கணக்கை அறிந்திருப்பது அவசியம். ஆண்டு மாறும்போது மேற்பரப்பும் மாறுகிறது. முதல் உலகப்போர்க் காலம் வரை விளக்கும் ரேடியேட்டரும் பெரும்பாலும் பித்தளை. அடுத்து நிக்கல் முலாம். 1920களின் இறுதியில்தான் குரோமியம் முலாம் பரவியது. பெயின்ட்டும் அப்படியே: வாரக்கணக்கில் உலரவிட்டுப் பலமுறை பூசிய வார்னிஷ் முதலில்; 1923-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஓக்லண்ட் கார்களில் டியூபாண்ட் நிறுவனத்தின் டூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சைப் பயன்படுத்தத் தொடங்கியபின் விரைந்து உலரும் லாக்கர். ஒவ்வொன்றும் ஒளியை ஒவ்வொரு விதமாகத் திருப்பும்.

2. களத்தின் இயல்பு

2.1 தோற்றம்

கார்களை அழகுக்காக நிறுத்தி மதிப்பிடும் வழக்கம் 1920களின் பிரான்சில் வேர்கொண்டது. நவநாகரிக உடையணிந்த பெண்கள் அருகே நிற்க, உடற்கட்டு நிறுவனங்கள் தம் புதிய வேலைப்பாட்டை அங்கே காட்டின. அந்த அணிவகுப்புகளே கேமராவை எதிர்நோக்கி அமைந்தவை. இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் வில்லா தெஸ்தே போட்டி 1929-இல் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் மான்டரே தீபகற்பத்தில் பெபிள் பீச் போட்டி 1950-இல் ஒரு கார்ப் பந்தயத்தின் துணைநிகழ்ச்சியாகப் பிறந்தது. முதலாண்டில் அங்கே முதலிடம் பெற்றது எட்வர்ட்ஸ் ஆர்-26 என்ற புத்தம்புதிய கார். 1955-இல் ஃபில் ஹில் கொண்டுவந்த 1931-ஆம் ஆண்டுப் பியர்ஸ்-ஆரோ வென்ற பிறகே அந்தப் போட்டி பழமையின் பக்கம் திரும்பியது.

ஆக, பழைமையைக் கொண்டாடும் இன்றைய களங்கள் புதுமையைக் காட்டும் மேடைகளாகவே தொடங்கின. அந்த மரபு இன்றும் தொடர்கிறது. கார் எவ்வளவு பழையதானாலும் பட்டறையிலிருந்து அன்றுதான் வெளிவந்ததுபோல் மின்ன வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பல போட்டிகளில் உண்டு. பிரதிபலிப்புச் சிக்கல் இவ்வளவு பெரிதாவதற்கு இந்த எதிர்பார்ப்பே காரணம்.

2.2 ஒரு நாளின் அமைப்பு

பெபிள் பீச்சில் ஆகஸ்ட் மாத ஞாயிறு ஒன்றில், கோல்ஃப் மைதானத்தின் 18-ஆம் புல்வெளியில் கார்கள் நிறுத்தப்படுகின்றன. பொழுது புலருமுன்னே அவை ஒவ்வொன்றாகப் புல்லுக்கு ஓட்டி வரப்படும். அதைப் பார்க்கவே இருட்டில் வந்து நிற்கும் கூட்டம் உண்டு. 'டான் பட்ரோல்' என்பது அதன் பெயர். காலையில் நடுவர்கள் சுற்றிவருகிறார்கள். பிற்பகலில் வென்ற கார்கள் மேடை ஏறுகின்றன.

புகைப்படக்காரர் இந்த நாளை பானட்டை வைத்துப் பிரித்துக்கொள்வது நல்லது. அதிகாலையில் பானட் மூடியிருக்கும், கார் நகரும், ஓட்டுநர் உள்ளே இருப்பார். முழுவடிவப் படங்களுக்கு அதுவே பொழுது. நடுவர்கள் வந்ததும் பானட் திறக்கும், விளக்கு எரியும், ஹாரன் ஒலிக்கும். அப்போது உடலின் கோடு உடைந்துவிடும். இன்ஜினுக்கும் மனிதர்களுக்கும் உரிய நேரம் அது. நண்பகலில் கூட்டம் உச்சம். முத்திரைச் சின்னம், கைப்பிடி, டயல் போன்ற சிறு பகுதிகளை அப்போது எடுக்கலாம். மேடைப் பொழுதில் கார் மறுபடியும் முழுமை பெறும், ஆனால் அலங்காரமும் அறிவிப்புப் பலகையும் சூழ்ந்திருக்கும். எல்லாப் பொழுதிலும் எல்லாவற்றையும் எடுக்க முயல்வதே பலருடைய படங்கள் ஒன்றுபோலிருக்கக் காரணம்.

3. பிரதிபலிப்பின் இயற்பியல்

3.1 பெயின்ட்டும் உலோகமும்

பெயின்ட்டின் மேலடுக்கு, கண்ணாடி, வார்னிஷ் ஆகியவற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5. இத்தகைய பரப்பை நேர்க்குத்தாகப் பார்த்தால் விழும் ஒளியில் 4 விழுக்காடுதான் திரும்புகிறது. 60 டிகிரி சாய்வில் அது சுமார் 9 விழுக்காடு. 80 டிகிரியில் 39 விழுக்காடு. கதவை நேராகப் பார்க்கும்போது அதன் நிறம் தெரிவதும், பானட்டை முன்பக்கத்திலிருந்து தாழ்வாகப் பார்க்கும்போது நிறம் மறைந்து வானமே தெரிவதும் இதனால்தான். குரோமியம் எந்தக் கோணத்திலும் பாதிக்கு மேற்பட்ட ஒளியைத் திருப்பும். அதற்குச் சொந்த நிறமென்று சொல்ல அதிகமில்லை.

காரின் பக்கவாட்டில், கதவின் மேல்விளிம்பை ஒட்டி நீளும் தோள்கோடு ஓர் எல்லை. அதற்கு மேலுள்ள பரப்பு வானத்தைக் காட்டும். கீழுள்ள பரப்பு தரையைக் காட்டும். இடையில் தொடுவானம் ஒரு கோடாகக் கார் நெடுக ஓடும். அந்தக் கோடு முன்சக்கரத்தின் மட்கார்டில் ஏறி, கதவில் தாழ்ந்து, பின்புறத்தில் மீண்டும் உயர்வதைத்தான் நாம் வடிவம் என்று வாசிக்கிறோம். கார் வடிவமைப்பாளர்கள் களிமண் மாதிரியின் மேல் பளபளப்பான படலத்தை ஒட்டி, ஒளிக்கோடு எப்படி ஓடுகிறது என்று பார்த்துத் திருத்துவது தொழில்வழக்கம். 1927-இல் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புப் பிரிவை ஏற்ற ஹார்லி ஏர்ல் களிமண் மாதிரி முறையைப் பெருமளவில் பரப்பினார். எந்தக் கோட்டை வைத்து வடிவத்தைத் தீர்மானித்தார்களோ, அந்தக் கோட்டையே புகைப்படக்காரர் தேடுகிறார்.

இதனால் தரைக்கும் பின்னணிக்கும் உள்ள முதன்மை புரியும். புல்தரையில் நிற்கும் வெள்ளைக் காரின் கீழ்ப்பகுதி பச்சையாகும். தார்ச்சாலையில் அதே கார் தெளிவான கருங்கோடு பெறும். எதிரே, அதாவது கேமராவின் முதுகுப்புறத்தில், மரவரிசை இருந்தால் பக்கவாட்டில் கரிய பட்டை விழுந்து உடல் மெலிந்து தோன்றும். கூடாரங்கள் இருந்தால் வெள்ளைத் துண்டுகள் சிதறும். கண்காட்சியில் பின்னணியைப் பார்த்து இடம் தேர்பவர் பலர். தன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்ப்பவர் சிலரே.

அங்கே நிற்பவரும் பிரதிபலிப்பில் அடக்கம். காரை நேர்ப்பக்கத்தில் எடுத்தால் கதவில் புகைப்படக்காரரே தெரிவார். முன்புறமும் பக்கமும் ஒருசேரத் தெரியும் முக்கால் கோணத்துக்கு நகர்ந்தால் கதவிலிருந்து தப்பலாம். சக்கரமூடியிலிருந்து தப்ப முடியாது. கறுப்போ அடர்சாம்பலோ ஆன உடை அணிவது இதற்காகத்தான்.

3.2 போலரைசரின் பயனும் எல்லையும்

புருஸ்டர் விதிப்படி, ஒளிவிலகல் எண் 1.5 உள்ள பரப்பில் நேர்க்குத்திலிருந்து சுமார் 56 டிகிரி சாய்வில் திரும்பும் ஒளி முழுமையாகத் தளவிளைவுற்றிருக்கும். போலரைசரைத் திருப்பினால் அந்தக் கோணத்தில் மட்டும் பிரதிபலிப்பு முற்றாக அற்றுவிடும். கோணம் விலக விலக அதன் வலிமை குறையும். கார் வளைந்த பொருள் என்பதால் ஏதேனும் ஒரு பட்டைதான் அந்தக் கோணத்தில் அமையும். ஒரே திருப்பலில் பானட் தெளிந்தால் கதவு தெளியாது. உலோகத்திடம் போலரைசருக்கு ஏறத்தாழ வேலையே இல்லை. குரோமிய பம்பர் அப்படியே மின்னும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பதப்படுத்திய பக்கக் கண்ணாடிகளில் போலரைசர் புள்ளிப்புள்ளியான அழுத்தக் கோலங்களைக் காட்டிவிடும். அகலக்கோண லென்ஸில் வானம் ஒரு பக்கம் கருத்தும் மறுபக்கம் வெளுத்தும் வரும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளி இழப்பும் உண்டு.

இக்கட்டுரையின் கருதுகோளுக்கு உட்பட்ட பரிந்துரை இது: முன்கண்ணாடியின் வழியே டாஷ்போர்டைக் காட்டவும், பானட்டின் மேல் விழும் வெளுப்பைக் குறைக்கவும் போலரைசரைப் பாதித் திருப்பலில் நிறுத்த வேண்டும். முழுத் திருப்பலில் கறுப்புக் கார் மையால் நிரப்பிய நிழலுருவாகிவிடும்.

3.3 பிரதிபலிப்பு தரும் சான்று

நேரான ஒரு பொருள், எடுத்துக்காட்டாக ஒரு கம்பம் அல்லது கூரைவிளிம்பு, கதவில் அலையாமல் தெரிந்தால் அந்தத் தகடு செம்மையானது. கோடு நடுவில் நெளிந்தால் அங்கே அடிவாங்கிய தகடோ, நிரப்பிப் பூசிய இடமோ இருக்கும். ஆகவே பிரதிபலிப்பைக் காட்டும் படம் காரின் உடல்நிலை அறிக்கையாகவும் அமையும். பிரெஞ்சு உடற்கட்டாளர்கள் ஃபிகோனி–ஃபலாஸ்கி செய்த 'கண்ணீர்த்துளி' டால்போ-லாகோ போன்ற கார்களில் பிடித்துக்கொள்ள நேர்க்கோடே கிடையாது. அதன் வடிவத்தைப் பிம்பத்தின் நகர்வு ஒன்றே சொல்லும். எதிர்நிலையில் புகாட்டி டைப் 57 எஸ்சி அட்லாண்டிக் நிற்கிறது. முதுகு நெடுக ரிவெட் அடித்த மடிப்புக்கோடு அதற்கு உண்டு. இடப்புற ஒளியையும் வலப்புற ஒளியையும் அந்த மடிப்பு பிரித்துவிடுவதால், சற்றுப் பின்னாலிருந்து எடுத்த படத்தில் அதன் முழு அமைப்பும் விளங்கும். 1990-இலும் 2003-இலும் பெபிள் பீச்சில் முதலிடம் பெற்றவை இந்த வகை அட்லாண்டிக் கார்களே.

4. ஒளியும் நிலநடுக்கோட்டிலிருந்து உள்ள தொலைவும்

பளபளப்பான பொருளுக்குப் பெரிய ஒளிமூலம் வேண்டும். சூரியன் சிறிய மூலம். பெயின்ட்டில் அது ஒரு வெண்புள்ளியாகவும், அடியில் கருநிழலாகவும் விழும். மேகம் மூடிய வானம் மிகப்பெரிய மூலம். மான்டரே கடற்கரையில் ஆகஸ்ட் காலைகளில் அடிக்கடி படியும் கடல்மூட்டம், ஸ்டூடியோவில் மேலே கட்டும் வெண்திரையின் வேலையைச் செய்கிறது. மூட்டம் இல்லாத இடங்களில், சூரியன் தொடுவானத்துக்குக் கீழே சற்றே மறைந்திருக்கும் புலரியும் அந்தியும் அதே பயனைத் தரும்.

அந்தப் பொழுதின் நீளம் இடத்தைப் பொறுத்தது. சம பகலிரவு நாட்களில் சூரியன் தொடுவானத்திலிருந்து எழும் வேகம், மணிக்கு 15 டிகிரியை அட்சரேகையின் கொசைனால் பெருக்கிய அளவு. இங்கிலாந்தில் பழைய கார்ப் பந்தயம் நடக்கும் குட்வுட்டில் (சுமார் 51 டிகிரி வடக்கு) அது மணிக்கு 9.5 டிகிரி, பெபிள் பீச்சில் (36.5 டிகிரி) 12 டிகிரி, சென்னையில் (13 டிகிரி) 14.6 டிகிரி. சூரியன் 6 டிகிரி உயர குட்வுட்டில் 38 நிமிடம் பிடிக்கும். சென்னையில் 25 நிமிடத்தில் முடிந்துவிடும்.

நண்பகல் உயரமும் வேறுபடும். நவம்பர் முதல் ஞாயிறன்று லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு 1905-க்கு முற்பட்ட கார்கள் ஓடும் நிகழ்ச்சியில், சூரியன் நாள் முழுதும் ஏறத்தாழ 23 டிகிரிக்கு மேல் எழுவதில்லை. பித்தளை விளக்குகள் பகல் முழுதும் பக்க ஒளி பெறும். செப்டம்பர் நடுவில் குட்வுட்டில் உச்சி உயரம் சுமார் 42 டிகிரி; ஆகஸ்ட் நடுவில் பெபிள் பீச்சில் 67 டிகிரி. சென்னையில் ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். டிசம்பரிலும் 53 டிகிரிக்கு ஏறும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி பிறக்கிறது. ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகள் சொல்லும் 'பொன்னொளி நேரம்' வெப்பமண்டலத்துக்கு அப்படியே பொருந்தாது. சென்னையில் நடக்கும் கண்காட்சியில் முழுவடிவப் படங்கள் வெயில் ஏறுமுன் முடிய வேண்டும். பிறகு பந்தல் நிழல், மரநிழல், கட்டட நிழல் ஆகியவற்றில் நிற்கும் கார்களை நாடலாம். இலைகளின் வழியே புள்ளியாக விழும் வெயிலைத் தவிர்க்க வேண்டும். கட்டடத்தின் சீரான நிழலில், திறந்த வானத்தைப் பார்த்து நிற்கும் கார் நண்பகலிலும் நல்ல படம் தரும்.

உள்ளரங்கில் சிக்கல் வேறு. பாரிஸின் ரெட்ரோமொபீல் போன்ற அரங்கக் கண்காட்சிகளிலும், கோயம்புத்தூரின் ஜீடி கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களிலும் கூரைவிளக்குகள் பானட்டில் புள்ளிவரிசையாகத் தெரியும். ஓரடி நகர்ந்தாலே அந்த வரிசை தகட்டின் மடிப்போடு இணைந்து ஓடுவதையோ குறுக்கே வெட்டுவதையோ மாற்றலாம். வெவ்வேறு நிறவெப்பமுள்ள விளக்குகள் கலந்திருந்தால், காரின் மேல் எது அதிகம் விழுகிறதோ அதற்கே வெண்மைச் சமநிலையைப் பொருத்த வேண்டும்.

5. தூரமும் உயரமும்

5.1 தூரம்

காரின் உடற்கட்டு விகிதத்தைத் தீர்மானிப்பது லென்ஸன்று, தூரம். அருகே நின்று அகலக்கோணத்தில் எடுத்தால் முன்சக்கரம் பருத்தும் பின்பகுதி சுருங்கியும் வரும். நீண்ட பானட்டே அழகெனக் கட்டப்பட்ட 1930களின் கார்களுக்கு இது பெருந்தீங்கு.

5 மீட்டர் நீளக் காரைப் பக்கவாட்டில், 36 மி.மீ. அகலச் சென்சாரில், இருபுறமும் சற்று இடம்விட்டு 6.25 மீட்டர் அகலம் அடங்குமாறு எடுப்பதாகக் கொள்வோம். 24 மி.மீ. லென்ஸுக்கு சுமார் 4 மீட்டர் தூரம் போதும். 35 மி.மீ.க்கு 6 மீட்டர், 50 மி.மீ.க்கு 8.7 மீட்டர், 85 மி.மீ.க்கு 14.8 மீட்டர், 135 மி.மீ.க்கு 23 மீட்டருக்கு மேல் வேண்டும். விகிதம் கெடாத படத்துக்கு 85 மி.மீ. சிறந்தது, ஆனால் அந்த 15 மீட்டர் இடைவெளியில் கண்காட்சிக் கூட்டம் முழுதும் நடந்துபோகும். வரிசைக்கு வரிசை உள்ள இடைவெளி இடம்தரும் அளவுக்கு, 50 மி.மீ. லென்ஸும் முக்கால் கோணமுமே நடைமுறைச் சமரசம். முக்கால் கோணத்தில் கார் குறுகித் தெரிவதால் 6 மீட்டரில் நின்றாலும் அடங்கும். அங்கே எஃப்/8 வைத்துக் குவித்தால் ஏறத்தாழ 4 மீட்டரிலிருந்து 14 மீட்டர் வரை கூர்மையாக இருக்கும். கார் முழுதும் தெளியும். பின்னணியை மங்கச் செய்யத் துளையை அகலத் திறப்பவர்கள் காரின் பின்சக்கரத்தையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

5.2 உயரம்

நின்ற கண்மட்டத்திலிருந்து எடுத்த படமே பொதுவாகக் காண்பது. அந்த உயரத்தில் கூரையும் பானட்டும் வானத்தைக் காட்டி வெளுக்கும். காருக்குப் பின்னால் நிற்பவர்களின் உடலும் தெரியும். கேமராவைத் தலைவிளக்கின் மட்டத்துக்கு இறக்கினால் மூன்று நன்மைகள்: மேற்பரப்பு குறுகி வெளுப்பு குறையும், தோள்கோடு நேர்ப்படும், பின்னால் நிற்பவர்களைக் கார் மறைத்துக்கொள்ளும். இன்னும் தாழ்ந்து சக்கர அச்சு மட்டத்துக்குப் போனால் கார் வீறு பெறும். ஆனால் அந்த மிகை எல்லாக் காருக்கும் பொருந்தாது. உயரமான கூண்டுடைய 1910களின் கார்களைத் தாழ்ந்து எடுத்தால் அவை கவிழ்வன போலிருக்கும். அவற்றுக்குக் கண்மட்டமே நேர்மையானது.

திரும்பிய சக்கரத்தையும் கவனிக்க வேண்டும். முன்சக்கரத்தின் முகம் கேமராவை நோக்கினால் ஆரங்கள் தெரியும். டயரின் பட்டை நோக்கினால் கறுப்புத் தடிப்பு மட்டுமே. நிறுத்திய காரின் சக்கரத்தைத் திருப்பச் சொல்ல முடியாத நிலையில் மறுபக்கம் போய் நிற்பதே வழி.

6. நிறமும் எக்ஸ்போஷரும்

கேமராவின் அளவி எதையும் நடுச்சாம்பலாக்க முயலும். எனவே சட்டகத்தை நிறைக்கும் கறுப்புக் காருக்கு ஒரு ஸ்டாப் அளவு குறைத்தும், வெள்ளைக் காருக்கு ஒரு ஸ்டாப் அளவு கூட்டியும் தொடங்கி, ஹிஸ்டோகிராமைப் பார்த்துத் திருத்த வேண்டும். சிவப்புக் காரில் மொத்த ஒளி அடங்கியிருந்தும் சிவப்பு அலைவரிசை மட்டும் நிரம்பி வழிந்து மட்கார்டு தட்டையாகும். மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் பார்ப்பது இதற்காக. குரோமியத்தில் சூரியன் விழும் புள்ளி வெண்மையாகக் கரைந்தால் கவலையில்லை. கதவில் கரைந்தால் படம் வீண்.

தானியங்கி வெண்மைச் சமநிலையை ஓர் ஆய்வாளர் நம்பக் கூடாது. நிக்கல் முலாம் சற்றே மஞ்சள் சாயலுடையது, குரோமியம் சற்றே நீலச் சாயலுடையது. 1925-ஆம் ஆண்டுக் காரில் நீலச் சாயல் மின்னினால் அதன் முலாம் பிற்காலத்தில் போட்டதென்று ஐயுறலாம். கேமரா இரண்டையும் ஒரே வெள்ளியாக்கிவிட்டால் அந்தச் சான்று அழிந்துபோகும். நடுச்சாம்பல் அட்டையை ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டு அதன்படி நிறம் பொருத்துவதே சரி.

7. ஓடும் கார்

கார் ஓடுவதற்கென்றே பிறந்தது. நின்ற நிலையில் மட்டும் எடுப்பது பாதிப் பதிவுதான். பெபிள் பீச்சில் 1998 முதல், போட்டிக்கு முந்தைய வியாழனன்று கார்கள் சாலையில் சுற்றி வருகின்றன. ஒரே பிரிவில் இரு கார்கள் சமநிலை பெற்றால் அந்தச் சுற்றை முடித்த காருக்கே முன்னுரிமை. குட்வுட்டில் 1948 முதல் 1966 வரை பந்தயம் நடந்த அதே தடத்தில், 1998 முதல் ரிவைவல் பந்தயம் நடக்கிறது. வருவோரும் அக்கால உடையில் வருவதால் பின்னணியே காலத்தோடு ஒத்துப்போகும்.

காரோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பும் பேனிங் முறையில் ஷட்டரைக் கணக்கிட்டே வைக்கலாம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில், 70 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் விநாடிக்கு ஐந்து முறை சுற்றும். 1/500 விநாடியில் அது 4 டிகிரிகூடத் திரும்பாது. கார் நிறுத்தி வைத்ததுபோல் தெரியும். 1/60-இல் 30 டிகிரி; 1/30-இல் 60 டிகிரி. ஆரங்கள் உருகி, உடல் கூர்மையாக நிற்கும் எல்லை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

1910களில் பிரெஞ்சு இளைஞர் ஜாக் ஆன்ரி லார்த்தீக் எடுத்த பந்தயக் கார்ப் படத்தில் சக்கரம் முன்பக்கமாகச் சாய்ந்த நீள்வட்டமாகவும், பார்வையாளர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தும் இருக்கிறார்கள். ஷட்டரின் பிளவு சட்டகத்தை மெல்லக் கடந்ததும், அவர் கேமராவைத் திருப்பிய வேகம் காரின் வேகத்துக்கு ஈடாகாததும் சேர்ந்த விளைவு அது. இன்றைய செல்பேசியின் மின்னணு ஷட்டரும் வரிவரியாகப் படிப்பதால் அதே சாய்வை உண்டாக்குகிறது. கலையில் அது வேகத்தின் அடையாளமாகப் போற்றப்பட்டது. ஆவணத்தில் சக்கரத்தின் வடிவத்தைப் பொய்யாக்கும். எந்த நோக்கத்துக்கு எடுக்கிறோம் என்பதே அது பிழையா அழகா என்று தீர்மானிக்கும்.

8. ஆவணமாகும் படம்

8.1 பகுதிகளின் வரிசை

பழைய காரைச் செப்பனிடுவோர் தேடுவது அழகுப்படத்தைக் காட்டிலும் சிறு விவரத்தை: பானட்டின் காற்றுத்துளைகள் எத்தனை, கைப்பிடி எந்தப் பக்கம் வளைந்தது, விளக்கு எந்த நிறுவனத்தது. பெரிய போட்டிகளின் நடுவர்கள் இவற்றுக்குப் பழைய படச் சான்று கேட்பதுண்டு. இன்று எடுக்கும் படம் நாற்பதாண்டுக்குப்பின் அதே கேள்விக்கு விடையாகலாம். ஆகவே ஒவ்வொரு காருக்கும் குறைந்த அளவு வரிசை ஒன்றை முன்மொழியலாம்: முன் முக்கால், பின் முக்கால், நேர்ப்பக்கம், டாஷ்போர்டு, இன்ஜினின் இருபுறம், உடற்கட்டாளரின் சிறுபலகை, சக்கரம். இவற்றை எடுத்தபின்பே சொந்த ரசனைக்கான படம்.

8.2 குறிப்பு

படத்தின் மதிப்பில் பாதி அதன் கீழே எழுதும் குறிப்பில் இருக்கிறது. இங்கே பெரும்பிழை ஒன்று நேர்வதுண்டு. சேஸியின் ஆண்டும் உடற்கட்டின் ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அக்காலத்தில் வாங்குபவர் சேஸியை ஒரு நிறுவனத்திடமும் உடலை வேறொரு பட்டறையிடமும் வாங்கினார். பின்னர் உடலையே மாற்றியவர்களும் உண்டு. சென்னையில் 1840-இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனமும் வண்டிகளுக்கு உடல் கட்டும் தொழிலில் பிறந்ததே. எனவே 'இன்ன ஆண்டுக் கார்' என்று ஒற்றை வரியில் எழுதாமல் சேஸி, உடல், கண்காட்சி நாள் மூன்றையும் பிரித்து எழுத வேண்டும்.

8.3 திருத்தத்தின் வரம்பு

கூட்டத்தை நீக்க, அசையாத கேமராவில் பல சட்டகங்கள் எடுத்து நகர்ந்த உருவங்களைக் கணினியால் கழிக்கும் முறை உண்டு. காரின் மேற்பரப்பை அது புதிதாகப் படைக்காததால், செய்ததைக் குறிப்பில் சொன்னால் ஏற்கலாம். ஒரே சட்டகத்தில் மென்பொருளைக் கொண்டு ஆளை அழித்து அந்த இடத்தை ஊகத்தால் நிரப்புவது வேறு வகை. நிரப்பிய இடத்தில் இல்லாத ரிவெட் தோன்றலாம், இருந்த கோடு மறையலாம். ஆவணமென்று பெயரிட்ட படத்தில் காரின் மேற்பரப்பைத் தொடும் ஊகத்துக்கு இடமில்லை.

9. களநெறி

நெறி இரண்டே சொல்லில் அடங்கும்: தொடாதே, கேள். பெல்ட்டின் கொக்கியும் கழுத்தில் ஊசலாடும் இரண்டாவது கேமராவும் பெயின்ட்டைக் கீறும்; குனியுமுன் அவற்றைப் பின்னே தள்ள வேண்டும். கூட்டத்தில் முக்காலியைத் தவிர்ப்பது நலம். உள்ளே எடுக்க உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். அப்படிக் கேட்பவருக்குக் கதவு திறப்பதோடு காரின் வரலாறும் கிடைக்கும், 8.2-இல் சொன்ன குறிப்புக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

10. முடிவுகளும் கருதுகோளின் எல்லையும்

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால்: (அ) மெருகிட்ட காரின் வடிவத்தைப் பிரதிபலிப்பே வெளிப்படுத்துகிறது, அதை ஒழுங்குபடுத்தலாம், ஒழிக்கக் கூடாது. (ஆ) அதற்கான கருவிகளில் இடமும் உயரமும் நேரமும் முதன்மையானவை, போலரைசர் துணைக்கருவி. (இ) ஒளி நேரம் அட்சரேகையால் மாறுவதால் பிறநாட்டு விதிகளைக் கணக்கிட்டே ஏற்க வேண்டும். (ஈ) பிரதிபலிப்பை உள்ளபடி காட்டும் படமே காரின் நிலைக்கும் சான்றாகும்.

இந்தக் கருதுகோளுக்கு ஓர் எல்லை உண்டு. 2024-இல் பெபிள் பீச்சில் முதலிடம் பெற்றது 1934-ஆம் ஆண்டுப் புகாட்டி டைப் 59 ஸ்போர்ட்ஸ். ஒருகாலத்தில் பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டிடம் இருந்த அந்தக் கறுப்புக் கார், செப்பனிடப்படாமல் தேய்ந்த பூச்சோடு வந்தது. மெருகேற்றாது பாதுகாத்த கார் ஒன்று அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல்முறை. இத்தகைய பரப்பு பிம்பம் காட்டாது. விழும் ஒளியைச் சிதறடிக்கும். மூட்டம் படிந்த வானம் அதன் வெடிப்பையும் தேய்வையும் மழுக்கிவிடும். மற்றக் கார்களுக்கு நாம் விலக்கிய தாழ்ந்த, கடுமையான பக்கவெயில்தான் அவற்றை எழுப்பிக் காட்டும். பாதுகாப்பு நிலைக் கார்களின் மதிப்பு இப்படி உயருமானால், ஒரே புல்வெளியில் ஒரே காலையில் இருவகைக் காரும் அருகருகே நிற்கும். மூட்டம் இருக்கும்வரை மெருகிட்டவற்றையும், அது விலகி வெயில் சரிந்து விழத் தொடங்கியதும் தேய்ந்தவற்றையும் எடுப்பதென நேர அட்டவணையை அமைத்துக்கொள்வதே, இந்த ஆய்வு புகைப்படக்காரருக்குச் சொல்லும் அடுத்த வேலை.